புதுப் புல்தரைக்கு நீர் வார்த்தல்

நார்த்தாமலையில் மேலமலையின் மொட்டைப் பாறைமீது ஏறி, விஜயாலய சோழீச்சரத்தைத் தரிசிக்கச் செல்கிறவர்கள், வழியிலே தலையருவிச் சிங்கம் என்னும் சுனையைக் காண்பார்கள். பெய்கிற மழையை உட்கொள்ளும் சக்தியற்ற அந்தக் கருங்கல், பள்ளம் வாய்த்த இடத்தில் நீரைத் தேக்கிக்கொண்டு, மற்றதை எல்லாம் அடிவாரத்தை நோக்கி வழியவிட்டுவிடுகிறது. அடிவாரத்து மண்ணோ, பாறை சிதைந்து உண்டான பருமணல் கலந்த செம்மண். வார்த்த நீரை விரைவில் கீழே விட்டுவிடுவது. சில இடங்களில் ஒரு முழம் தோண்டுவதற்குள் மறுபடியும் பாறை தட்டுவது. இத்தகைய பூமியில் புல்தரை அமைக்க விரும்புகிறவர், புல்லின் அழகைப் பற்றி எண்ணுவதற்கு முன் நீரின் போக்கை அறிந்துகொள்வது அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

இங்கே நடத்தக்க புல் அருகுதான். தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும் சுபாவம் அதற்கு இருப்பதால், கணுவுள்ள தண்டுகளைத் துண்டு செய்து நான்கு விரற்கடை இடைவெளியில் ஊன்றுவார்கள். அல்லது பொடியாக நறுக்கி, சாணமும் மண்ணும் குழைத்த சேற்றிலே கலந்து, தரைமீது மெழுகினாற்போலப் பரப்புவார்கள். எம்முறையிலும் ஆரம்பத்தில் புல்லுக்கு உபயோகமான வேர் கிடையாது. இலையும் தண்டும் மாத்திரம் வெயிலில் நீரை இழந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே முதல் இரண்டு வாரங்கள் மேல்மண் ஓர் அங்குல ஆழத்துக்கு உலராதபடி, காலையிலும் பிற்பகலிலும் பூவாளியினால் சிறுகச் சிறுகத் தெளிக்க வேண்டும். ரப்பர் குழாயைத் திறந்து நேராகப் பாய்ச்சினால், மண் அரித்து, ஊன்றிய துண்டுகள் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும். இரவில் இலையை நனைப்பதும் தகாது. நெடுநேரம் ஈரம் நிற்கும் இலையிலே பூஞ்சணம் எளிதில் பற்றும்.

மூன்றாம் வாரம் முதல் முறையை மாற்ற வேண்டும். அநேகர் தவறுவது இங்கேதான். புல் பச்சை பிடித்துவிட்டதென்ற சந்தோஷத்தில் தினந்தோறும் சிறிது தெளித்துக்கொண்டே இருந்தால், ஈரம் மேலேயே கிடைப்பதனால் வேரும் மேலேயே தங்கி, சித்திரை வெயில் வந்தவுடன் தரை முழுவதும் கருகிவிடும். நாள் இடைவெளியைப் படிப்படியாக நீட்டி, வார்க்கும்போது ஆழமாக வார்த்தால், கீழிறங்கும் ஈரத்தைத் தொடர்ந்து வேரும் இறங்கும். ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் நீர் 1 மி.மீ. உயரம் நிற்குமாதலால், 100 சதுர மீட்டர் தரைக்கு 15 மி.மீ. நீர் ஊட்ட 1,500 லிட்டர் வேண்டும். தண்ணீர் அருமையான பிரதேசத்தில் இது சிறிய தொகை அன்று. ஆகவே இங்கே புல்தரை ஒரு முற்றத்தளவோடு நிற்பதே நியாயம்.

நீர் எவ்வளவு இறங்கியது என்பதை அறிய ஒரு மெல்லிய இரும்புக் கம்பி போதும். நனைந்த மண்ணில் அது வழுக்கிக்கொண்டு இறங்கும். உலர்ந்த மண் தொடங்குமிடத்தில் தடைப்படும். சற்று ஆழத்தில் கணீரென்று கல்லில் பட்டால், அவ்விடத்தில் மட்டும் அளவைக் குறைத்து அடிக்கடி வார்க்க வேண்டும். கல்மேல் தேங்கும் நீரில் காற்றின்றி வேர் அழுகும். அடுத்த முறை எப்போது என்பதைப் புல்லே தெரிவித்துவிடும்: தாகமுற்ற அருகின் இலைகள் நெடுக்கில் மடிந்து, பசுமை மங்கி, நீலச் சாம்பல் நிறங்கொள்ளும், மிதித்த காலடி நிமிராமல் அப்படியே பதிந்து கிடக்கும்.

நடுவதற்கு உகந்த காலம் புரட்டாசி. வடகிழக்குப் பருவத்தின் பெருமழை ஐப்பசியில் வந்து இறங்குவதற்குள் துண்டுகள் வேரூன்றிவிட்டால், அரிப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. தை பிறந்து மழை ஓயும்போது வேர் ஆழத்தில் இருக்குமாதலால், ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை வார்த்தால் போதும்.