பாலைவனத்து மரப்பேனும் எனக்குக் கிடைத்த பொன்னாடையும்

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவில் நமது சங்க மேடையில் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். 'தார் பாலைவனத்தில் புதிய உயிரினத்தைக் கண்டுபிடித்த நம்மவர்' என்று செயலாளர் ஒலிபெருக்கியில் முழங்க, கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. அடுத்த இதழிலும் செய்தி படத்துடன் வந்தது. அன்பர்கள் மன்னிக்க வேண்டும். அது புதிய உயிரினம் இல்லை. பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். செயலாளர் வாங்கிக்கொள்ளவில்லை. "அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? நடந்ததை ஒரு கட்டுரையாக எழுதிக் கொடுங்கள் சார்" என்றார். எழுதுகிறேன்.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பூந்தொட்டியை நகர்த்தினால் அடி ஈரத்தில் சாம்பல் நிறத்தில், அரிசி நீளத்தில் சில பூச்சிகள் நாலா பக்கமும் ஓடுமே, அதுதான். சிலவகை தொட்டவுடன் மிளகு மாதிரி உருண்டுகொள்ளும். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இதையும் மரவட்டைக் குட்டி என்று சொல்லிவிடுவார்கள். மரவட்டை வேறு, இது வேறு. ஆங்கிலத்தில் வுட்லவுஸ். அதை அப்படியே தமிழாக்கி நான் வீட்டில் மரப்பேன் என்கிறேன். பேனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பூச்சி இனமும் இல்லை. பூச்சிக்கு மூன்று ஜோடிக் கால், இதற்கு ஏழு ஜோடி. இறாலுக்கும் நண்டுக்கும் ஒன்றுவிட்ட உறவு. கடலிலிருந்து கரையேறி வந்து, தரையிலேயே குடித்தனம் போட்டுவிட்ட கூட்டம். உலகம் முழுவதும் 3,700-க்கு மேல் வகைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கரையேறினாலும் பழைய பழக்கம் விடவில்லை. வயிற்றுக்கு அடியில் தட்டுத் தட்டாக உள்ள வயிற்றுக்கால்களால்தான் மூச்சு விடுகிறது. தாய் முட்டைகளை மார்புக்கு அடியில் நீர் நிறைந்த ஒரு பையில் சுமக்கிறாள். ஈரம் போனால் உயிர் போயிற்று. இப்படிப்பட்ட பிராணிக்குப் பாலைவனத்தில் என்ன வேலை என்று கேட்டால், அங்கேதான் கதையே இருக்கிறது.

இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்திலும் வட ஆப்பிரிக்காவிலும் ஹெமிலெபிஸ்டஸ் ரெயோமுரி என்று ஒரு மரப்பேன் உண்டு. ஜெர்மானியரான லின்சென்மைர் அதை வருடக்கணக்கில் கவனித்து எழுதியிருக்கிறார். குளிர்காலம் முடியும் தறுவாயில் பெண் மண்ணைத் தோண்டி வளை அமைக்க ஆரம்பிக்கும். ஆண் வந்து வாசலில் நிற்கும். உடனே உள்ளே விடமாட்டாள், நேரம் ஆகும். ஏற்றுக்கொண்டபின் அந்த இருவரும் ஒரே ஜோடி. ஒருவர் இரை தேடப் போனால் மற்றவர் வளை வாசலை அடைத்துக்கொண்டு காவல் இருப்பார். கோடை வந்துவிட்டால் காய்ந்து இறுகிய மண்ணில் புதிதாக ஒரு வளை தோண்ட முடியாது. வளை பறிபோனால் குடும்பமே காலி. சுமார் 50 முதல் 100 பிள்ளைகள். தாயும் தந்தையும் காய்ந்த இலைகளை இழுத்து வந்து ஊட்டுகிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் உடம்பில் தனி வாசனை. உணர்கொம்பால் தொட்டுப் பார்த்து, 'நம்ம வீட்டுப் பிள்ளை' என்றால் உள்ளே, இல்லாவிட்டால் விரட்டு. சொந்தப் பிள்ளையே வேற்று வாசனை ஒட்டிக்கொண்டு வந்தால் அதற்கும் அடிதான்.

இதையெல்லாம் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரு ஆசை. கல்லூரியில் முப்பது வருடம் மீனையும் மண்புழுவையும் அறுத்துக் காட்டியவன் நான். ஓய்வு பெற்று ஜோத்பூரிலேயே தங்கிவிட்டேன். கண்ணெதிரே இவ்வளவு பெரிய பாலைவனம் கிடக்கிறது. இங்கேயும் அப்படி ஒன்று இருந்தால்? அதற்கு நான் பெயர் வைத்தால்? பெயரையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஒருவரைப் பாராட்டிப் பெயர் வைக்கும்போது, ஆணானால் பெயருக்குப் பின்னால் 'இ', பெண்ணானால் 'ஏ' ஒலி சேர்க்க வேண்டும் என்பது லத்தீன் வழக்கு. அம்மா பெயர் கமலா. ஆகவே 'கமலே'. எண்பத்தாறு வயது அம்மாவிடம் அதைச் சொல்லியும் விட்டேன்.

மழைக்குப் பிறகு விடியற்காலையில் ஓசியான் பக்கம் பஸ்ஸில் போய் இறங்குவேன். கையில் இடுக்கி, சாராயம் நிரப்பிய சிறு குப்பிகள், பென்சில். பென்சில் ஏன் என்றால், மையால் எழுதிய சீட்டைச் சாராயத்தில் போட்டால் எழுத்து கரைந்துவிடும். ஊர், தேதி, எந்தக் கல்லுக்கு அடியில், எடுத்தது யார் என்று எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போட வேண்டும். சீட்டில்லாத பிராணி எவ்வளவு அபூர்வமானாலும் வெறும் பிணம். கல்லைப் புரட்டும்போது நம் பக்கமாகத் தூக்க வேண்டும், அடியில் தேளோ விரியனோ இருந்தால் அந்தப் பக்கம் போகும். பார்த்து முடித்தவுடன் கல்லை இருந்தபடியே வைத்துவிட வேண்டும். அதன் நிழலில் எத்தனையோ குடித்தனங்கள்.

ஆளில்லாமல் விட்டுப்போன ஒரு தாணியில் (நாலைந்து குடிசைகள் உள்ள சிற்றூரை இங்கே அப்படிச் சொல்வார்கள்), மக்கிப்போன ஆட்டுச் சாணக் குவியலுக்கு அடியில், பழுப்பு நிறத்தில் மெலிந்து வேகமாக ஓடுகிற ஒரு மரப்பேன் கிடைத்தது. இருபத்து மூன்று எடுத்தேன். என்னிடமிருந்த பாலைவன மரப்பேன் கட்டுரைகள் எதிலும் அது இல்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

புதிய இனம் என்று சொல்லுவது சுலபம், நிரூபிப்பதுதான் பாடு. நிறம், அளவு இவற்றை நம்ப முடியாது. மரப்பேன் சட்டையைப் பாதி பாதியாகக் கழற்றும், முதலில் பின்பாதி, பிறகு முன்பாதி. நடுவில் பிடித்தால் அரை உடம்பு வெளுப்பாகவும் அரை உடம்பு கருப்பாகவும் இருக்கும். ஒருவகை வைரஸ் தாக்கினால் ஊதா நிறமாகவே மாறிவிடும். ஆகவே உருப்பெருக்கியின் கீழ் வைத்து, உணர்கொம்பின் நுனிச்சாட்டையில் எத்தனை கணு, தலையின் முன்விளிம்பு எப்படி வளைகிறது, முதுகில் முடிச்சுகள் எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வரைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஆணின் முதல் ஜோடி வயிற்றுக்கால். இனச்சேர்க்கைக்கு உதவும் அந்த உறுப்பின் நுனி பெரும்பாலும் இனத்துக்கு இனம் மாறும். பெண்களை வைத்துப் பிரிக்க முடியாத இனங்கள்கூட ஆணின் அந்த நுனியைப் பார்த்தால் பிரிந்துவிடும். பத்து மில்லிமீட்டர்ப் பிராணியிலிருந்து அதை ஊசியால் பிரித்தெடுத்து, கிளிசரினில் கண்ணாடித் தகட்டில் வைக்க வேண்டும். என் கை நடுக்கத்தில் நாலு ஆண்களை நாசம் செய்தபிறகுதான் ஐந்தாவது ஒழுங்காக வந்தது.

அடுத்தது ஏற்கெனவே பெயர் வாங்கியவர்களோடு ஒப்பிடுவது. இந்தியாவைப் பொறுத்தவரை, காலின்ஜ் என்பவர் 1914 முதல் கல்கத்தா அருங்காட்சியகத்தின் வெளியீட்டில் வரிசையாக எழுதிய கட்டுரைகளைத் தொடாமல் யாரும் நகர முடியாது. அதற்கும் முன்னால் டென்மார்க்கின் புடே-லுண்ட் 1885-இல் போட்ட பெரிய புத்தகம், நெடுக லத்தீன். நான் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன்.

பெயர் விவகாரம் எத்தனை சிக்கல் என்பதற்கு மேலே சொன்ன நெகேவ் மரப்பேனே சாட்சி. 1798-இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போன சாவிஞி என்ற அறிஞர் அங்குள்ள சிற்றுயிர்களை அற்புதமாகப் படமாக்கிவைத்தார். விளக்கம் எழுதுவதற்குள் கண் பழுதாகிவிட்டது. ஓதுவேன் என்பவர் அந்தப் படங்களுக்கு விளக்கம் எழுதிப் பெயரிட்டு 1826-இல் வெளியிட்டார். இன்றும் சில கட்டுரைகளில் நெகேவ் மரப்பேனின் பெயருக்குப் பின்னால் ஓதுவேன் 1826 என்றும், சிலவற்றில் மில்ன் எட்வர்ட்ஸ் 1840 என்றும் இருக்கும். இவ்வளவு பிரசித்தி பெற்ற பிராணிக்கே அந்தக் கதி.

எனக்கு அத்தனை பொறுமை இல்லை. கட்டுரை தயார் செய்தேன். இருபத்து மூன்றில் நல்லதொரு ஆணை ஹோலோடைப் என்று ஒதுக்கினேன். அந்தப் பெயருக்கு அந்த ஒரு உடல்தான் நிரந்தர அத்தாட்சி. அதை எங்கே வைக்கப்போகிறோம் என்று கட்டுரையில் சொல்லாமல் 2000-க்குப் பிறகு எந்தப் புதுப் பெயரும் செல்லாது. நம் நாட்டில் 2002-இல் வந்த உயிரியல் பன்மைச் சட்டப்படி புதிய இனத்தின் மாதிரியை அரசு குறித்த காப்பகத்தில் ஒப்படைக்கவும் வேண்டும். அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்குத் தபாலில் போட முடியாது. அதனால் இத்தாலியில் இந்தத் துறை தெரிந்த ஒருவருக்கு என் படங்களை மட்டும் அனுப்பினேன். இதற்கிடையில்தான் பொங்கல் விழா, பொன்னாடை எல்லாம்.

இத்தாலியிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. "போர்செல்லியோனிடிஸ் புருயினோசஸுடன் ஒப்பிட்டீர்களா?"

எனக்குக் கோபம் வந்தது. அது தோட்டத்திலும் எருக்குழியிலும் வாழும் ஊர்சுற்றி. மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து மனிதனோடு ஒட்டிக்கொண்டு உலகமெல்லாம் பரவியது. உடம்பு முழுவதும் திராட்சைப் பழத்தின் மேல் படிவது போன்ற நீலம் கலந்த வெண்பூச்சு இருக்கும். என்னுடையது பழுப்பு, அதுவும் நடுப் பாலைவனத்தில் எடுத்தது. கடிதத்தை மூடிவைத்தேன். ஒப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து என் மனைவி கறிவேப்பிலைச் செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். "இங்க வந்து பாருங்க, உங்க பூச்சி இங்கயே கிடக்குது" என்று கூப்பிட்டாள். போனேன். வெண்பூச்சோடு நீலமாக ஐந்தாறு ஓடின. நிறத்தைப் பார்த்ததும் நிம்மதி, இது வேறு. இருந்தாலும் ஏதோ உறுத்த, இரண்டைப் பிடித்துச் சாராயத்தில் போட்டேன். பூச்சு என் கண்ணெதிரே மறைந்தது. அடியில் பழுப்பு.

அன்றிரவு தொட்டி ஆணின் வயிற்றுக்காலைப் பிரித்து வைத்து, தாணி ஆணின் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். வளைவுக்கு வளைவு, முள்ளுக்கு முள் ஒன்று. தாணியில் எடுத்தவை தேய்ந்தும் புழுதி படிந்தும் பூச்சு தெரியாமல் இருந்திருக்கின்றன. அதைப் பாலைவனப் பிராணிகளோடு மட்டும் ஒப்பிட்டு, வீட்டுப் பிராணியோடு ஒப்பிடாமல் விட்டது என் முட்டாள்தனம். அந்தத் தாணிக்கு அது ஆட்டோடும் தீவனத்தோடும் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த வலையில் விழுந்தவன் நான் மட்டுமில்லை என்பது பிறகு தெரிந்தது. இதே பிராணியை வெவ்வேறு தேசங்களில் வெவ்வேறு பேர் புதிது என்று எண்ணிப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அத்தனையும் பிராண்ட் 1833-இல் வைத்த பெயருக்குள் அடங்கிப்போயின. என் கட்டுரை அச்சேறியிருந்தால் அந்தப் பட்டியலின் கடைசியில் 'கமலே'யும் சேர்ந்திருக்கும், செல்லாக் காசாக.

அம்மாவிடம் சொல்லத்தான் நாலு நாள் பிடித்தது. கும்பகோணம் வரை எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏண்டா, அப்போ அது நம்ம கறிவேப்பிலைத் தொட்டியில இருந்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லவேளை. தொட்டிப் பூச்சிக்குப் போய் என் பேரா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். சமாதானமா, வருத்தமா என்று முகம் பார்க்க முடியவில்லை. மறுநாள் கும்பகோணத்துக்கு அவரே போன் போட்டார். நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

இத்தாலிக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதற்கும் ஒரே வரிப் பதில், 'எனக்கும் நேர்ந்திருக்கிறது' என்று.

இன்னொரு குப்பி மட்டும் மேஜையில் இருக்கிறது. ஜெய்சல்மேர் பக்கம் ஒரு கடீன் கரையில் எடுத்தது. மழைநீரைத் தேக்கி, அது மண்ணில் இறங்கியபின் அந்த ஈரத்தில் கோதுமையும் கடலையும் விதைப்பார்களே, அந்த வயல்தான் கடீன். குப்பியில் ஐந்து மரப்பேன்கள். முதுகெல்லாம் சொரசொரப்பான புடைப்பு. இந்தமுறை கறிவேப்பிலைத் தொட்டியில் ஆரம்பித்து எல்லாவற்றோடும் ஒப்பிட்டாயிற்று, எதோடும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஐந்தும் பெண். ஆண் இல்லாமல் பெயர் வைக்கமாட்டேன். இரண்டு மழைக்காலம் போய்த் தேடியும் கிடைக்கவில்லை.

நான் ஊர் திரும்பும்போதெல்லாம் அம்மா கட்டிலிலிருந்தே உரக்கக் கேட்பார், "ஏண்டா, ஆம்பளை கிடைச்சானா?" பக்கத்து வீட்டு மார்வாடி அம்மாள் கொஞ்சம் தமிழ் புரிந்தவர். எங்கள் வீட்டில் பேத்திக்கு வரன் பார்க்கிறோம் என்று நினைத்து, போன வாரம் ஒரு ஜாதகத்தோடு வந்துவிட்டார்.

ஜூலையில் மறுபடி போகிறேன்.