எழுத வரும் ஆங்கிலம், பேச வருவதில்லை: தலைநகர் மாணவர்களின் தயக்கம்

புது தில்லி: தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தை அடுத்துள்ள முகர்ஜி நகரில், குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையங்களுக்கு இடையே, ஆங்கிலம் பேசக் கற்றுத்தருவதாக அழைக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் பஞ்சமில்லை. பிகார், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களிலிருந்து பட்டம் பெற வந்த மாணவர்களை நம்பியே இவை நடக்கின்றன.

இவர்களில் பலருக்கு ஆங்கில நூல்களைப் படிக்க வரும். ஓரளவு எழுதவும் வரும். வகுப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்கத்தான் நா எழுவதில்லை. ஒரு வினைச்சொல் பிசகினாலும் சக மாணவர்கள் சிரித்துவிடுவார்களோ என்ற அச்சமே காரணம். விளைவு, விடை தெரிந்தும் வாய் திறவாதவர் விடை தெரியாதவராகவே கருதப்படுகிறார்.

பள்ளியிலேயே தொடங்குகிறது இந்தச் சிக்கல். மாநில வாரியப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலம் எழுத்துத் தேர்வுக்கான பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பல பாடங்களின் தேர்வை இந்தியிலும் எழுதலாம். ஆனால், முன்னணிக் கல்லூரிகளில் விரிவுரையும் விவாதமும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன.

நாடாளுமன்றத்தில் எதிரொலி

ஆங்கிலத்தால் பின்தங்குகிறோம் என்ற மனக்குறை நாடாளுமன்றத்திலும் ஒலித்ததுண்டு. கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979 முதல் குடிமைப் பணித் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் எழுத வழி பிறந்தது. 2013 மார்ச்சில் ஆங்கில மதிப்பெண்ணைத் தரவரிசைக்குச் சேர்க்க முயன்றபோது, தமிழக எம்.பி.க்களும் இந்தி மாநில எம்.பி.க்களும் ஒருசேர எதிர்த்தனர், அறிவிப்பு நிறுத்திவைக்கப்பட்டது. 2014-இல் முகர்ஜி நகர் மாணவர்கள் போராடியதை அடுத்து, முதனிலைத் தேர்வின் ஆங்கிலப் பகுதி மதிப்பெண் தகுதிப் பட்டியலுக்குக் கணக்கிடப்படாது என மத்திய அரசு ஆகஸ்டில் அறிவித்தது.

இந்தித் திணிப்புக்கு எதிரான அரணாக ஆங்கிலத்தைக் காண்கிறது தமிழகம். இந்தி மாநிலக் கிராமத்து மாணவருக்கோ அதுவே தடைச்சுவர். ஆனாலும், தாய்மொழி வழியில் படித்துத் தலைநகருக்கு வரும் மாணவர் மதுரைக்காரரானாலும் முசாபர்பூர்க்காரரானாலும், வகுப்பறையில் அவரைத் தடுப்பது ஒரே தயக்கம்தான்.

குடிமைப் பணி நேர்முகத் தேர்வைத் தாய்மொழியில் சந்திக்க விதி இடம் தருகிறது. தனியார் நிறுவன நேர்காணல்களுக்கு அத்தகைய விதி ஏதுமில்லை. எழுதும் உரிமையை நாடாளுமன்றத்தில் போராடிப் பெறலாம்; பிழையோடு பேசினாலும் சிரிக்காத வகுப்பறையைக் கல்லூரிகள்தாம் உருவாக்கித் தரவேண்டும்.