தடுமாறும் மாணவருக்கு எப்போது கைகொடுப்பது?

இணையவழிப் படிப்பில் மாணவரின் முகம் ஆசிரியருக்குத் தெரிவதில்லை. வகுப்பறையில் நெற்றிச் சுருக்கமே காட்டிக்கொடுத்துவிடும் தடுமாற்றத்தை, ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து படிக்கும் இணையப் பாடத்தில் கணினிதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. யார், எந்த இடத்தில் சிக்கி நிற்கிறார் என்று அறிவதே செயற்கை நுண்ணறிவுக்கு இங்கே முதல் வேலை. விளக்கம் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தச் சிக்கலை நெடுநாளாக ஆராய்ந்துவரும் இடங்களில் ஒன்று ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநிலம். மாநிலத் தலைநகர் பொட்ஸ்டாமில் ஹாஸோ பிளாட்னர் நிறுவனம் இயங்குகிறது. எஸ்ஏபி மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பிளாட்னரின் நிதியில் 1998இல் உருவானது இது. இந்த நிறுவனம் 2012இல் 'ஓப்பன்ஹெச்பிஐ' என்ற இலவசப் பாடத்தளத்தைத் திறந்தபோது முதல் பாடத்தை பிளாட்னரே நடத்தினார். பள்ளிகளுக்காக இங்கே வடிவமைக்கப்பட்ட இணையத்தளம் பின்னர் 'ஷுல்-கிளவுட் பிராண்டன்பர்க்' என்ற பெயரில் மாநிலப் பள்ளிகளின் பயன்பாட்டுக்கு வந்தது.

ஓப்பன்ஹெச்பிஐயின் நிரலாக்கப் பாடங்களில் 'கோட்ஓஷன்' என்ற கருவி உண்டு. மாணவர் உலாவியிலேயே நிரல் எழுதுகிறார். கருவி அதை ஓட்டிப் பார்த்து, சரியா தவறா என்று உடனே சொல்கிறது. ஒவ்வொரு முயற்சியும் அதற்குப் பிடித்த நேரமும் பதிவாகின்றன. 2018இல் வெளியான ஓர் ஆய்வு இந்தப் பதிவுகளைப் பயன்படுத்திக்கொண்டது. ஒரு பயிற்சிக்குச் சராசரியைவிட மிக அதிக நேரம் எடுத்துக்கொண்டிருப்பவரின் திரையில், சக மாணவர்களிடம் உதவி கேட்கலாமே என்று ஒரு குறிப்பு தோன்றும். அவரவர் பலவீனத்துக்கு ஏற்ற கூடுதல் பயிற்சிகளும் தரப்பட்டன. 5,000க்கும் மேற்பட்டோர் படித்த பாடத்தில் இதைச் சோதித்தபோது, உதவி கேட்பது 66 விழுக்காடு வரை கூடியது. கேட்பதற்குமுன் தயங்கி நிற்கும் நேரமும் குறைந்தது.

சராசரியோடு நேரத்தை ஒப்பிடுவதற்குச் செயற்கை நுண்ணறிவு என்ற பெரிய பெயர் தேவையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வடிவமைப்பின் சிறப்பு கணக்கில் இல்லை, அளவில் இருக்கிறது. தவறு செய்து, திருத்தி, மீண்டும் முயல்வது கற்றலின் ஒரு பகுதி என்பதால், அந்தப் போராட்டத்தை முழுவதும் நீக்கிவிட ஆய்வாளர்கள் விரும்பவில்லை. சோர்ந்துபோய்ப் பாடத்தையே கைவிடும் அளவுக்கு அது நீண்டுவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். குறிப்பு சீக்கிரம் வந்தால் தொந்தரவு. தாமதித்தால் மாணவர் போய்விட்டிருப்பார்.

சாட்ஜிபிடி போன்ற உரையாடும் மென்பொருள்கள் வந்தபின் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. அவை தயங்குவதில்லை, கேட்டவுடன் விடையைக் கொட்டிவிடும். துருக்கியில் சுமார் 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதத்தில் நடந்த சோதனையின் முடிவு கவனிக்கத்தக்கது. வழக்கமான ஜிபிடி-4ஐப் பயன்படுத்தியவர்கள் பயிற்சியின்போது மற்றவர்களைவிட 48 விழுக்காடு அதிக மதிப்பெண் பெற்றார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொட்டே பார்க்காதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல், ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தரும்படி மாற்றியமைத்த இன்னொரு வடிவம் பயிற்சியில் 127 விழுக்காடு முன்னேற்றம் தந்தது. தேர்வில் அந்தப் பாதிப்பு பெருமளவு மறைந்துபோனது. இரண்டிலும் மொழி மாதிரி ஒன்றுதான்.

மாணவரைப் பற்றி இயந்திரம் எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதற்கு ஜெர்மனியில் சட்டமே எல்லை வகுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்தது. கேமரா வழியே முகத்தைப் படித்து மாணவர் சலிப்படைந்தாரா, குழம்பினாரா என்று ஊகிக்கும் மென்பொருளைக் கல்வி நிலையங்களில் பயன்படுத்த 2025 பிப்ரவரி 2 முதல் தடை. மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கற்றல் விளைவை மதிப்பிட்டு, அதைக்கொண்டு அடுத்த பாடத்தைத் தீர்மானிக்கும் அமைப்புகளை அதே சட்டம் அதிக ஆபத்துள்ளவற்றின் பட்டியலில் வைக்கிறது. அவற்றுக்கு மனிதக் கண்காணிப்பு கட்டாயம்.