முன் சீட்டில் நான், பின் சீட்டில் அப்பா... நடுவில் ஐந்து ஆறுகள்!

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வாடகைக்கு விடுவார்களே, இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற நீள சைக்கிள்... புதுசா கல்யாணம் ஆனவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ளத்தான் அது என்று நானும் நினைத்திருந்தேன். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மே மாதம், அதன் பின் சீட்டில் என் அப்பாவை உட்காரவைத்தேன். அப்போது அவருக்கு 68 வயது. கண் பார்வை கிடையாது.

அப்பா தபால்காரர். திருவையாறு பக்கத்துக் கிராமங்களில் 31 வருடங்கள் சைக்கிளில் போய்த் தபால் கொடுத்தவர். நான் குரங்குப் பெடல் பழகியதும் அந்த சைக்கிளில்தான். ஓய்வு பெற்ற பிறகு கிளாகோமா வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும் நோய். பெரும்பாலும் ஓரப் பார்வையில் ஆரம்பிப்பதால் ரொம்ப நாள் தெரியவே தெரியாது. போன பார்வை திரும்பவும் திரும்பாது. பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், நான் வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனைக்குப் போய்விடுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் நீங்களும் தள்ளிப்போடாதீர்கள்.

அம்மா போன பிறகு அப்பா சென்னைக்கு என்னிடம் வந்துவிட்டார். இரண்டாவது மாடி பால்கனி, ரேடியோ, மாலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடை. அவ்வளவுதான். 'எதுவும் வேணுமாப்பா?' என்று கேட்டால், 'என்ன வேணும் எனக்கு' என்பார்.

கொடைக்கானலில் முதல் நூறு மீட்டர் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தபடி மூச்சே விடாமல் வந்தார். பாதி ஏரியைச் சுற்றியிருப்போம். பின்னாலிருந்து குரல் வந்தது. 'செயின்ல எண்ணெயே இல்ல பாப்பா. சத்தம் கேக்குதா?' ரொம்ப நாள் கழித்து அப்பா எதையோ குறை சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்னால் இருந்ததால் அவருக்குத் தெரிந்திருக்காது. கண் தெரிந்திருந்தாலும் தெரிந்திருக்காது!

சென்னை திரும்பியதும் டேண்டம் தேட ஆரம்பித்தேன். புதுசு வாங்கலாம்; ஆனால் நம் ஊர்க் கடைகளில் வரிசையாக நிற்கிற பொருள் இல்லை. சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும், பார்க்காமல் பணம் கட்ட வேண்டும். அதனால் பழசைத் தேடினேன். பெங்களூரில் ஒரு தம்பதி 28,000 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். 'ஏன் விக்கிறீங்க?' என்றேன். 'இதுல ஏறினாலே எங்களுக்குச் சண்டை வருது' என்றார் அந்த மனைவி. விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது.

பழசு வாங்குவதாக இருந்தால் முதலில் சக்கரத்தைப் பாருங்கள். இரண்டு பேர் எடையும் அந்த இரண்டு சக்கரத்தின் மேல்தான். சாதாரண சைக்கிளின் சக்கரத்தைப் போட்டு ஒப்பேற்றியிருந்தால் கம்பிகள் அடிக்கடி அறுந்து கோட்டம் விழும். அடுத்தது பிரேக். எங்கள் இருவர் எடையும் வண்டியும் சேர்ந்தால் 140 கிலோவைத் தாண்டுகிறது. பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் வாங்கிய அன்றே மாற்றிவிட வேண்டும். முன் பெடலையும் பின் பெடலையும் இணைக்கிற தனிச் செயின் ஒன்று இருக்கும். அது தொங்கக் கூடாது. இரண்டு சீட்டின் உயரமும் அவரவருக்குப் பொருந்துகிறதா என்று இருவரும் ஏறிப் பார்த்துவிட்டே பணத்தை எடுங்கள்.

வீட்டில் எங்கே நிறுத்துவது என்பதையும் யோசித்துவிடுங்கள். எட்டடி நீளம். எங்கள் லிஃப்ட்டில் நுழையாது. மாடிப்படிக்கு அடியில் வைக்க அனுமதி கேட்டு நான் நடந்த நடையில் திருவையாற்றுக்கே போயிருக்கலாம்.

ஓட்டுவதில் சண்டை எங்கே வருகிறது என்று சொல்கிறேன். இரண்டு பேரின் பெடலும் சேர்ந்தே சுற்றும். முன்னால் இருப்பவர் மிதிப்பதை நிறுத்தினால் பின்னால் இருப்பவரின் காலும் நிற்கும். திருப்பம், பிரேக், கியர் எல்லாம் முன்னால். பின்னால் இருப்பவருக்கு நம்பிக்கை ஒன்றுதான் பிடிமானம். பார்வை இருப்பவர்களுக்கே இது கஷ்டம். ஆகவே, முன்னால் இருப்பவர் வாயை மூடவே கூடாது. 'பள்ளம்', 'வேகத்தடை', 'நிறுத்தப்போறேன்', 'மிதிங்க' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறும்போது நான் இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, பிரேக்கைப் பிடித்து வண்டியை அசையாமல் நிறுத்திக்கொள்வேன். அப்பா பின்னால் ஏறி இரண்டு பெடலிலும் கால் வைப்பார். 'ம்' என்பார். அதன் பிறகே கிளம்புவோம். பாராலிம்பிக்ஸில் பார்வையற்ற வீரர்கள் ஓட்டும் சைக்கிள் பந்தயமும் டேண்டத்தில்தான். முன் சீட்டில் பார்வை உள்ள ஒருவர் இருப்பார். 'பாத்தீங்களா, நானும் அந்த மாதிரிதான்' என்றேன். 'அவங்க இவ்ளோ பேச மாட்டாங்க' என்றார்.

மணி மட்டும் அப்பாவிடம். அவருடைய பழைய சைக்கிளின் மணியையே பின் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொடுத்தேன். தேவையிருக்கிறதோ இல்லையோ, அடிப்பார்.

ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழகினோம். ஒருநாள் அவராகவே கேட்டார். 'இதை ரயில்ல ஏத்த முடியுமா பாப்பா? ஊருக்கு ஒரு தடவை போய்ட்டு வரணும்.'

முடியும். ஆனால், நம்மோடு பெட்டிக்குள் ஏற்ற முடியாது. லக்கேஜ் ஆபீஸில் பயண டிக்கெட்டைக் காட்டி, லக்கேஜ் வேனில் ஏற்றப் பதிவுசெய்ய வேண்டும். டிக்கெட்டோடு இலவசமாகக் கொண்டுபோகும் எடைக் கணக்கில் சைக்கிள் சேராது. தனியாகக் கட்டணம் உண்டு. முற்றிலும் பார்வை இழந்தவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் டிக்கெட்டில் சலுகை இருக்கிறது. சைக்கிளுக்கு ஏது சலுகை! வந்தே பாரத் மாதிரி ரயில்களில் லக்கேஜ் வேனே இல்லை என்பதால், அதை மறந்துவிட்டுப் பழைய மாதிரி எக்ஸ்பிரஸாகப் பாருங்கள்.

முதல் முறை நாங்கள் தோற்றோம். கவுன்ட்டரில் இருந்தவர் வெளியே வந்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். 'இது ஒரு சைக்கிளா, ரெண்டு சைக்கிளா?' என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இவ்வளவு நீளத்துக்கு இன்று இடமில்லை என்று சொல்லிவிட்டார். ரயில் போய்விட்டது. இரவு பதினொரு மணிக்கு, இரண்டு பேரும் அதே சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பினோம். வழி முழுக்க அப்பா ஒருமுறைகூட மணி அடிக்கவில்லை.

அடுத்த முறை எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் வழி சொன்னார். இரண்டு சக்கரத்தையும் கழற்றிவிட்டால் டேண்டம் ஆறடிச் சொச்சம்தான். கிட்டத்தட்ட சாதாரண சைக்கிள் நீளத்துக்கு வந்துவிடும். பெடல்களைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, சக்கரங்களைப் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டினோம். சக்கரம் இல்லாத ஃபோர்க் நசுங்காமலிருக்க நடுவில் ஒரு மரக்கட்டை. மேலே அட்டை, அதற்கு மேல் சாக்கு. பெயர், பி.என்.ஆர் எண், ஏறும் ஸ்டேஷன், இறங்கும் ஸ்டேஷன் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் பெரிதாக எழுதி ஒட்டினோம். ரயில் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே போய்விட்டோம். இந்த முறை மறுபேச்சில்லை.

இன்னொன்று முக்கியம். ரயில் புறப்படும் ஊரில் ஏற்றி, முடிகிற ஊரில் இறக்குவதுபோலத் திட்டமிடுங்கள். நடுவில் இரண்டு நிமிடம் நிற்கிற ஸ்டேஷனில், நாம் பெட்டியிலிருந்து இறங்கி வேனுக்கு ஓடுவதற்குள் ரயில் நகர்ந்துவிடும். நாங்கள் எழும்பூரில் ஏறி, தஞ்சாவூரோடு முடியும் ரயிலைத் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான்.

தஞ்சாவூரில் சாக்கைப் பிரித்தால், மணியின் மூடி மட்டும் நசுங்கியிருந்தது. கட்டும்போது அதைக் கழற்ற மறந்தது நான்தான். அப்பா தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிளாட்பாரம் ஓரத்தில் உட்கார்ந்து சக்கரங்களை மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. கூட்டம் கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னது.

ஆடி மாதம். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்திருந்தது. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பழைய ரோட்டில் 12 கிலோமீட்டர் போல வரும். மேடு கிடையாது, பாலங்கள்தான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. பாலம் வரும்போதெல்லாம் பெயர் சொல்லவேண்டும் என்று நான் மனதுக்குள் பாடம் செய்துவைத்திருந்தேன்.

'வடவாறு' என்றார் பின்னாலிருந்து, நான் வாயைத் திறப்பதற்குள். காற்று சில்லென்று பட்டதாம். வெண்ணாற்றிலும் அவரே முந்திக்கொண்டார். வெட்டாற்றுப் பாலத்தில், 'மெதுவா போ, மெதுவா போ' என்றார். மெதுவாகப் போனேன். அவர் பேசவில்லை. நானும் அன்றைக்கு முதல்முறையாக வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு 'பள்ளம்' சொல்ல மறந்து ஒரு குழியில் இறக்கி, நன்றாகத் திட்டு வாங்கினேன். குடமுருட்டி வந்தபோது மட்டும், 'அதுக்குள்ளயா? பொய் சொல்லாத' என்றார். 'ரெண்டு பேர் மிதிக்கிறோம்ல' என்றேன்.

காவிரிப் பாலத்தில் இறங்கி நின்றோம். தண்ணீர்ச் சத்தத்தை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு திருவையாற்றில் சூடாக அசோகா வாங்கிச் சாப்பிட்டோம். அங்கேயே ஒரு சைக்கிள் கடையில், நசுங்கிய மணி மூடியைத் தட்டி நிமிர்த்தித் தரச் சொன்னார் அப்பா. கடைக்காரர் காசு வாங்கவில்லை. பழைய சத்தம் இல்லை, கொஞ்சம் கரகரப்பு. அதோடு அப்பாவின் ஊர் வரைக்கும் அடித்துக்கொண்டே போனார்.

நான்கு நாள் கழித்துத் தஞ்சாவூர் ஸ்டேஷன். லக்கேஜ் ஆபீஸ் வாசலில் சக்கரங்களைக் கழற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா கையால் துழாவி ஹேண்டில்பாரைக் கண்டுபிடித்து, மணியைத் தானே திருகிக் கழற்றி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.