ஒரு வளவில் இரு குடித்தனம்

வீட்டிலுள்ள மடிக்கணினி பழையது. புதிதொன்று வாங்கப் பணமில்லை. இந்நிலையிலுள்ள குடும்பங்கள் நம்மிடையே பல. விண்டோஸ் 10 க்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்துவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஓ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியைக் கேட்கின்றது. எட்டாந் தலைமுறைக்கு முற்பட்ட இன்ரெல் செயலிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. நன்றாக ஓடுகின்ற இயந்திரத்தை மூலையில் எறிந்துவிடுவதா? இவ்விடத்திலேதான் லினக்ஸின் பெயர் காதில் விழுகின்றது.

ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் தொடக்கிவைத்த கருவே லினக்ஸ். திரைத்தோற்றமும் மென்பொருள்களும் அதனைச் சூழ அமைந்து முழுமையான பணிசெயல் முறைமையாகும்பொழுது, அதனை வழங்கல் என்பர். இத்தகைய வழங்கல்கள் நூற்றுக்கணக்கில் உள. எது சிறந்தது என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்து விடை கிடைக்கும். ஆதலின் நாம் வேறொரு கேள்வியைக் கேட்கச் சொல்வோம்: முதல் மாதத்தில் வழிதவறினால், எதிலிருந்து எளிதில் மீளலாம்?

இதற்கு நம் விடை லினக்ஸ் மின்ற் என்பதே. 2004 இல் தோன்றிய உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டமையால், உபுண்டுவுக்கென எழுதப்பட்ட உதவிக் குறிப்புகளிற் பல இதற்கும் பொருந்தும். அதன் சினமன் திரையில், இடது கீழ் மூலையில் பட்டியைக் காண்பவர் அந்நிய வீட்டிற் புகுந்ததாக எண்ணார். மின்ற் 22 வரிசைக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2029 வரை உண்டு. ஏதேனுங் கெட்டுப்போனால், முறைமையை முந்திய நிலைக்குத் திருப்பும் டைம்சிப்ட் என்னும் கருவி உடன்வருகின்றது. நினைவகம் 4 ஜிகாபைற் அளவே உள்ள இயந்திரமாயின் எக்ஸ்.எப்.சி.ஈ. பதிப்பை எடுக்கலாம். சோரின் வழங்கலும் புதியவர்க்கு இனியதே. பெடோரா நல்லதாயினும், அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு ஏறத்தாழ 13 மாதங்களே. ஆர்ச் லினக்ஸை நாடும் மாணவர், பரீட்சை முடியும்வரை பொறுத்திருப்பாராக.

விண்டோஸை முற்றாக நீக்கிவிடலாமே எனின், அவசரம் வேண்டா. மைக்ரோசொப்ட்டின் வேர்ட்டும் எக்செலும் லினக்ஸில் நேரே நிறுவத்தக்கன அல்ல. மின்றுடன் வருவது லிபரே ஒபிஸ். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய வினாத்தாள்கள், அவ்வெழுத்துருவை நிறுவும்வரை ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். ஒருங்குறித் தமிழுக்கோ குறையில்லை. விசைப்பலகைப் பட்டியலில் இலங்கை என்னுந் தலைப்பின் கீழேயே தமிழ் உண்டு. ஆகவே வங்கி அலுவல், மின்னஞ்சல், இணைய உலாவல் ஆகியவற்றை லினக்ஸிலும், பிறிதெங்குஞ் செய்ய இயலாதவற்றை மட்டும் இணையத் தொடர்பின்றி விண்டோஸிலும் வைத்துக்கொள்வதே தக்க பிரிவினை.

இனிக் காணி பிரிக்கும் கதைக்கு வருவோம். எல்லைவேலியால் உண்டாகும் வழக்குகளை நாம் அறியாதவரல்லோம்; இங்கோ வேலி தவறினால் வழக்கே இல்லை, முழுக் காணியும் போய்விடும். நிறுவும்பொழுது திரையில் தோன்றுந் தெரிவுகளுள் ஒன்று, தட்டினை முழுவதும் அழித்துவிட்டு நிறுவுவது. அதனைத் தொட்டால் அம்மாவின் கலியாணப் படங்கள் முதல் அண்ணனின் ஆய்வுக் கட்டுரை வரை எல்லாம் ஒருங்கே அழியும். விண்டோஸுக்கு அருகே நிறுவுவது என்னுந் தெரிவே நமக்குரியது. அதற்கு முன்னரே எல்லாவற்றையும் புறத் தட்டொன்றிற் பிரதிசெய்து, அப்பிரதி திறக்கின்றதா என்றும் பார்த்தல் வேண்டும்.

பிற்லொக்கர் என்னும் பூட்டு பல கணினிகளில் உரியவர் அறியாமலே இடப்பட்டிருக்கும். அதற்குரிய 48 இலக்க மீட்புச் சாவியைக் கொப்பியில் எழுதிவைத்த பின்னரே பூட்டினை நீக்குக. விண்டோஸின் விரைவுத் தொடக்கத்தையும் நிறுத்துக. அஃது இயங்கினால் விண்டோஸ் முற்றாக உறங்குவதில்லை, தன் பகுதியையும் பிறர் எழுத விடுவதில்லை. பின்பு விண்டோஸிலுள்ள தட்டு நிருவாகக் கருவியாலேயே இடத்தைச் சுருக்கி ஒதுக்கலாம். மின்றுக்கு 20 ஜிகாபைற் இன்றியமையாதது, 100 விரும்பத்தக்கது. வீட்டுப் பாவனைக்கு 50 போதுமென்பது நம் கருத்து.

நிறுவுமுன் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுதல் நன்று. ரூபஸ் என்னும் மென்பொருளால் 8 ஜிகாபைற் பென் டிரைவ் ஒன்றில் மின்றை எழுதுக, அதிலிருந்தவை அழிந்துபோகும். அதிலிருந்தே கணினியைத் தொடக்கினால், வன்தட்டைத் தொடாமல் லினக்ஸ் ஓடும். வைபை இணைகின்றதா, ஒலி கேட்கின்றதா, அச்சுப்பொறி பணிகின்றதா என்று வீட்டார் எல்லோரும் பார்க்கட்டும். வைபை இணையாவிடில் உபுண்டுவையோ சோரினையோ அவ்வாறே எழுதிப் பார்க்கலாம், இழப்பு எதுவுமில்லை.

நிறுவிய பின் விண்டோஸின் கடிகாரம் சில வேளைகளில் ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கி நிற்கும். லினக்ஸ் இயந்திரக் கடிகாரத்தை உலகப் பொது நேரத்திலும், விண்டோஸ் உள்ளூர் நேரத்திலும் வாசிப்பதே காரணம். கணினி பழுதாகவில்லை, இயந்திரக் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்குமாறு லினக்ஸுக்கு ஒருமுறை கட்டளையிட்டால் இரண்டும் ஒரே மணியைக் காட்டும்.