காற்றுக் கலமும் நம் கவனமும்



மலாக்கா மாநிலத்துக்கும் காற்றடைத்த சக்கரத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1888-ஆம் ஆண்டில் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். டயருக்கு ரப்பர் வேண்டுமல்லவா? 1896-ஆம் ஆண்டில் டான் சே யான் என்பவர் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். இந்நாட்டில் வாணிபத்துக்காக ரப்பர் வளர்க்கும் தொழிலுக்கு அதுவே தொடக்கம். இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் குலை ஏற்றும் தள்ளுவண்டியும், பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவரும் மோட்டார் சைக்கிளும் காற்றை நம்பியே ஓடுகின்றன. அதனால்தான் காற்றடிக்கும் சிறிய கம்ப்ரசரைத் தோட்டத்து வீடுகளிலும் இப்போது காண்கிறோம்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் வீட்டுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறான். பழைய கம்ப்ரசர் ஒன்றை வாங்கியிருந்தான். ஒருநாள் என்னிடம் வந்து, "சார், தொட்டியின் மேலுள்ள வால்வு அடிக்கடி சீறிக் காற்றை வீணாக்குகிறது. ஒரு போல்ட்டைப் போட்டு அடைத்துவிடலாமா?" என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பட்டறைக்காரன் அல்லன்; ஆனால் அழுத்தம் என்றால் என்ன என்பது ஆசிரியனுக்குத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மானியில் 115 பவுண்டு காட்டினால், ஒவ்வொரு சதுர செண்டிமீட்டரிலும் ஏறக்குறைய 8 கிலோ பாரம் அழுத்துகிறது. பத்துக்குப் பத்து செண்டிமீட்டர் உள்ள சிறு இடத்தில் 800 கிலோ! அந்த அழுத்தம் எல்லை மீறும்போது காற்றை வெளியே விடுவதுதான் பாதுகாப்பு வால்வின் வேலை. அதை அடைப்பது, திருடனைக் கண்டு குரைக்கும் நாயின் வாயைக் கட்டுவது போலாகும். தொட்டி வெடித்தால் வீடும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டான்.

மின் இணைப்பைக் கழற்றிப் பரிசோதித்ததில் உண்மை தெரிந்தது. தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்த வேண்டிய அழுத்த சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சை மாற்றியதும் வால்வின் சீற்றம் நின்றது. அடியிலுள்ள குழாயைத் திறந்தபோது துருநிறத் தண்ணீர் ஒரு கோப்பை வந்தது.

காற்றடைத்த தொட்டிக்குள் தண்ணீர் எப்படி வந்தது? நம் நாட்டுக் காற்று ஈரம் மிகுந்தது. அதை அழுத்திச் சுருக்கினால், ஈரம் முழுவதும் ஆவியாகவே நிற்க இடம் போதாது. வெளிக்காற்று ஒரு கன மீட்டரை அழுத்தி அடைத்து ஆறவிட்டால், சுமார் 20 கிராம் தண்ணீர் தங்கிவிடும். அது தொட்டியை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே சாயம் பளபளக்கும். உள்ளே தகடு மெலிந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் மோட்டாரை நிறுத்தி, காற்றைக் குறைத்து, அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். தொட்டியில் ஓட்டை விழுந்தால் வெல்டிங் செய்து ஒட்டுப்போட வேண்டாம். அந்தத் தொட்டியின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளுங்கள்.

இனி, அடிக்கடி வரும் சில கோளாறுகள்.

மோட்டார் ஓடவே இல்லையா? முதலில் மானியைப் பாருங்கள். தொட்டி நிறைந்திருந்தால் அது ஓடாது, அது கோளாறன்று. மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுழலவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். இல்லையேல் சுருள் கருகிவிடும். மெல்லிய, நீளமான இணைப்புக் கம்பியால் மின்சாரம் குறைவதும், முன்பு அழுத்திய காற்று தலைப்பகுதியில் தங்கி எதிர்ப்பதும் இதற்குக் காரணமாகலாம்.

மோட்டார் ஓடுகிறது, அழுத்தம் ஏறவில்லையா? அடிக்குழாய் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூட்டுகளில் சோப்பு நுரை தடவுங்கள்; குமிழி எழும் இடமே கசியும் இடம். கசிவு எங்கும் இல்லையென்றால் வால்வுத் தகடோ பிஸ்டன் வளையமோ தேய்ந்திருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை.

மோட்டார் நின்றதும் சுவிட்ச் பக்கம் ஒரு முறை "புஸ்" என்று கேட்பது இயல்பு. சத்தம் நிற்காமல் தொடர்ந்தால், தொட்டிக் காற்றைத் திரும்பவிடாமல் தடுக்கும் வால்வு பழுதாகிவிட்டது.

எண்ணெய் ஊற்றும் வகையானால், கண்ணாடியில் உள்ள குறிவரை கம்ப்ரசர் எண்ணெய் இருக்க வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்தால் தண்ணீர் கலந்துவிட்டது, மாற்றுங்கள். பழுது எதுவானாலும், மின் இணைப்பைக் கழற்றி, மானி பூச்சியத்துக்கு இறங்கிய பின்னரே திருகில் கை வையுங்கள். பட்டறை நடத்துவோர், தொட்டிக்குரிய தகுதிச் சான்றிதழைப் பற்றி ஜே.கே.கே.பி. அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கம்ப்ரசர் குழாயால் சட்டைத் தூசியை ஊதுவதும், விளையாட்டாகப் பிறர் உடம்பில் காற்றடிப்பதும் வேண்டவே வேண்டாம். அந்தக் காற்று காயத்தின் வழியே தோலுக்குள் புகும், குடலையும் கிழித்துவிடும். விளையாட்டு வினையாகி உயிரிழந்தோர் உண்டு.

அந்தப் பையனின் தொட்டியில் இப்போது ஓர் அட்டை தொங்குகிறது. தண்ணீர் வடித்த தேதியை நாள்தோறும் அதில் குறிக்கிறான். பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதிய எனக்கு, அதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. நீங்களும் ஓர் அட்டை தொங்கவிடுங்கள்.