வேர் ஒரு ஜாதி, கிளை ஒரு ஜாதி

ஸ்பெயினிலும் இத்தாலியிலும் கலிபோர்னியாவிலும் கசப்பு ஆரஞ்சின் வேர்மீது ஒட்டுக்கட்டிய இனிப்பு ஆரஞ்சு மரங்கள் தழைத்துப் பலன் கொடுத்துவந்த அதே காலத்தில், அதே முறையில் ஒட்டுக்கட்டித் தென்னாப்பிரிக்காவில் நட்ட மரங்கள் மட்டும் சில ஆண்டுகளுக்குள் வாடி மடிவதேன் என்ற கேள்வி, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தோட்டக்கலை நிபுணர்களை வெகுவாகக் குழப்பிற்று. அமெரிக்கரான வெப்பர் 1920-களில் அந்நாட்டுக்கு நேரில் சென்று பார்த்து இந்த விபரீதத்தைக் குறித்து எழுதினார். 1937-இல் ஜாவாவில் இதையே ஆராய்ந்த டாக்ஸோபியஸ், மேலே இருக்கும் இனிப்பு ஆரஞ்சிலிருந்து இறங்கும் ஏதோவொரு பொருள் கீழே இருக்கும் கசப்பு ஆரஞ்சுக்கு விஷமாகிறது என்று அனுமானித்தார். அனுமானம் பாதிக்குமேல் சரி. இறங்கியது உண்மை, இறங்கியது இன்னதென்பதுதான் அப்போது தெரியவில்லை.

விதையிலிருந்தே மரத்தை வளர்த்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். விதைக்கன்றுக்கு முள் அதிகம், காய்க்க வெகுகாலம் பிடிக்கும் என்பதோடு, இனிப்பு ஆரஞ்சின் அடித்தண்டு ஈரமண்ணில் எளிதில் அழுகிவிடும் என்ற பெரிய குறையும் உண்டு. 1842 வாக்கில், இங்கிலாந்துக்குப் பழம் ஏற்றுமதி செய்துவந்த அஸோர்ஸ் தீவுகளின் தோட்டங்களை இந்த அழுகல் நோய் பாழாக்கியபோது, அதற்கு அசையாமல் நின்றது கசப்பு ஆரஞ்சு. களிமண்ணையும் குளிரையும் தாங்கும். பழத்தின் ருசியையும் கெடுக்காது. இத்தனை நற்குணங்களும் ஒருங்கே அமைந்த வேரைக் கண்டபின் பிறிதொன்றைத் தேடுவானேன் என்று, மத்தியதரைக் கடற்கரையிலிருந்து தென் அமெரிக்காவரை அதையே நட்டார்கள்.

1930 வாக்கில் அர்ஜென்டினாவிலும், 1937-இல் பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலத்திலும் மரங்கள் சாகத் தொடங்கின. இலை வெளிறி, துளிர் நின்று, நுனிக்கிளை காய்ந்து, பழங்கள் சிறுத்த நிலையிலேயே மரத்தோடு தொங்கும். ட்ரிஸ்டெஸா என்று பெயரிடப்பட்ட இந்நோய், சாவ் பாவ்லோவில் இருந்த சுமார் 1 கோடியே 10 லட்சம் மரங்களில் ஏறக்குறைய 90 லட்சத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அழித்துவிட்டது.

நோயுற்ற மரத்தில் ஒட்டு இருக்குமிடத்துக்குச் சற்றுக் கீழே பட்டையைக் கத்தியால் உரித்து, அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஊசியால் குத்தியதுபோல் நெருக்கமான நுண்துளைகள் தெரியும். ஒட்டுக்கு மேலே இனிப்பு ஆரஞ்சின் பட்டையில் அவை இல்லை. இலைகள் சமைத்த உணவைக் கீழே கொண்டுசெல்லும் புளோயம் என்ற மெல்லிய திசு அந்த இடத்தில் செத்துப்போகிறது. உணவு மேலேயே தங்கிவிட, வேர் பட்டினியால் மடிகிறது. சல்லிவேரை அறுத்து அயோடின் தடவினால், ஆரோக்கியமான வேர் மாவுச்சத்தின் காரணமாகக் கருநீலமாகும். இதுவோ நிறம் மாறாமலே இருக்கும். 1946-இல் பிரேசிலில் மெனெகினி, கரும்பழுப்பு நிறமுள்ள ஓர் அசுவினிப் பூச்சி இந்நோயைப் பரப்புவதை நிரூபித்தார். அதே ஆண்டில் கலிபோர்னியாவில் ஃபாசெட்டும் வாலேஸும், ஒட்டுக்கட்டும் மொட்டின் வழியாகவும் அது தொற்றுவதைக் காட்டினர். காரணம் ஒரு வைரஸ்.

இதில் விசித்திரம் என்னவென்றால், இனிப்பு ஆரஞ்சு தன் சொந்த வேரில் நின்றால் அந்த வைரஸைச் சுமந்துகொண்டே வாழ்ந்துவிடும். கசப்பு ஆரஞ்சும் தனியே நின்றால் சாவதில்லை. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் மரணம். அதே கசப்பு ஆரஞ்சு வேரின்மேல் மேனாட்டுப் பெரிய மஞ்சள் எலுமிச்சையைக் கட்டினால் இந்த வாடல் வருவதில்லை என்பதால், 1957-இல் ட்ரிஸ்டெஸா வந்திறங்கி ஆரஞ்சுத் தோட்டங்களைச் சூறையாடிய ஸ்பெயினிலேயே, முர்சியாவின் எலுமிச்சைத் தோட்டங்கள் அந்த வேரைக் கைவிடவில்லை. நோய் மரத்துக்கா, உறவுக்கா என்று கேட்டால், உறவுக்கு என்பதே பொருத்தமான பதில் என்று எனக்குப் படுகிறது.

நோயின் சுவடே வெளியில் தெரியாத மரத்தில் வைரஸ் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க உதவியது, நம் கடைத்தெருவில் விற்கும் சிறிய புளிப்பு எலுமிச்சை. சந்தேகத்துக்குரிய மரத்தின் பட்டைத்துண்டு ஒன்றை எலுமிச்சைக் கன்றில் ஒட்டிவைத்து, பின்பு வரும் துளிரிலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், வைரஸ் இருக்குமாயின் நரம்புகளில் ஒளி ஊடுருவும் சிறு கீற்றுகள் தென்படும். விதையின் மூலம் இந்த வைரஸ் பரவுவதில்லை. ஆயினும் விதையிலிருந்து வளர்த்த எலுமிச்சையையும் அசுவினி தேடி வந்துவிடுவதால், தண்டில் பள்ளம் விழுந்து நலியும் மரங்களை நம் தோட்டங்களிலும் காணலாம்.

பிரேசில் மீண்டெழுந்தது வங்காளத்துப் பெயர் தாங்கிய ரங்க்பூர் எலுமிச்சையின் வேரில். அது ட்ரிஸ்டெஸாவையும் தாங்கியது, வறட்சியையும் தாங்கியது. நீர்ப்பாசனமே இன்றி ஆரஞ்சு விளைந்தது. நாற்றங்கால்காரர்களுக்கு இயற்கை செய்த உபகாரம் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். எலுமிச்சம் விதையின் தோலை உரித்துப் பிளந்தால் உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் நெருக்கிக்கொண்டு கிடக்கும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையால் உண்டானவை அல்ல. தாயின் திசுவிலிருந்தே பிறந்து, தாயை அப்படியே ஒத்திருப்பவை. ஆகவே வேர்ச்செடிகளை விதைபோட்டே ஒரே சீராக உண்டாக்கிவிடலாம். இந்தச் சௌகரியமே ஆபத்துக்கும் வித்திட்டது. சாவ் பாவ்லோவின் மிகப் பெரும்பான்மையான மரங்கள் ஒரே வேரின்மேல் நின்றன. முதல் நாசத்திலிருந்து தோட்டக்காரர்கள் மாற்றிக்கொண்டது வேரை மட்டுமே, வழக்கத்தை அல்ல.

1999 முதல் மினாஸ் ஜெராய்ஸின் தென்பகுதியிலும் சாவ் பாவ்லோவின் வடபகுதியிலும் ரங்க்பூர் வேரில் நின்ற மரங்கள், சில சமயம் காய்களோடேயே, திடீரென மடியலாயின. பட்டையை உரித்துப் பார்த்தால் ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியின் உட்பட்டை மஞ்சளாக மாறியிருந்தது; மறுபடியும் புளோயம்தான் சிதைந்திருந்தது.

இந்தத் திடீர் மடிவுக்கு எதிராகக் கைகொடுத்த வேர்களில் ஒன்றின் பிறப்பு வேடிக்கையானது. 1894-95 குளிர்காலத்தில் ஃபுளோரிடாவின் தோட்டங்களை உறைபனி கருக்கியபின், முன்னே சொன்ன வெப்பரும் அவருடைய சக ஆய்வாளர் ஸ்விங்கிளும், குளிருக்கு அஞ்சாத மூவிலை ஆரஞ்சோடு நல்ல பழ வகைகளைக் கலந்து, பனியைத் தாங்கும் பழமரம் ஒன்றை உண்டாக்க முயன்றனர். தந்தையின் மூன்று சிற்றிலை அமைப்பு கன்றில் அப்படியே தெரிவதால், கலப்பினத்தை முளையிலேயே இனங்காண முடிந்தது. பழமோ வாயில் வைக்க முடியாதது. 1907-இல் ஸ்விங்கிள் அதே மூவிலை ஆரஞ்சைக் கிரேப்ஃப்ரூட்டோடு கலந்து பெற்ற சிட்ருமெலோ, வேர்ச்செடியாக வெளியிடப்பட்டது 1974-இல்.

பிரேசிலில் ரங்க்பூர் வேரில் நின்ற மரங்களை வெட்டாமலே காப்பாற்ற, அடிமரத்தின் அருகே இந்தச் சிட்ருமெலோக் கன்றுகளை நட்டு, அவற்றின் நுனியைச் சீவி, பழைய ஒட்டுக்கு மேலே பட்டைக்குள் செருகிக் கட்டினார்கள். கன்று ஒட்டிக்கொண்டதும் மரத்துக்குப் புதிய வேர் கிடைத்தது. ஆனால் பெரா என்ற ஆரஞ்சு வகையோடு சிட்ருமெலோ ஒட்டுவதில்லையாதலால், அதற்குக் கிளியோபாட்ரா, சுங்கி என்ற கமலா வகைகளைத் தேடவேண்டியதாயிற்று. ரங்க்பூர் அளவுக்கு வறட்சியைத் தாங்காத இந்த வேர்களுக்காக, மழையை மட்டும் நம்பியிருந்த தோட்டங்களில் குழாய்களைப் பதித்துத் தண்ணீர் பாய்ச்ச நேர்ந்தது.